அச்சுக்கூடத்தில் நின்ற பெண்மணி

(நமது பத்திரிகையின் முகவர்களும் வாசகர்களும் கூடிய கூட்டத்தில் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் இன்று ஒரு புகைப்படத்தைக் கொண்டு வந்திருக்கிறேன். முன்வரிசையில் கொடுத்திருக்கிறேன். அவசரப்படாமல் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். கடைசி வரிசை வரைக்கும் அது போய்ச் சேரட்டும்.

போன மாதம் ஒரு கிராமத்தில் நடவுக்குப் போய்விட்டு வந்த பெண்களிடம் இதே படத்தைக் காட்டினேன். ஓர் அம்மா வெகுநேரம் பார்த்தார். "யாரு தம்பி இது? அச்சாபீஸ் மொதலாளி வூட்டுப் பொண்ணா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒரு படத்தைப் பார்த்ததும், இதில் யார் முதலாளி, யார் வேலை செய்கிறவர் என்று கேட்பதுதான் உழைப்பவர் பார்வை. அந்த அம்மாவுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தப் படம் 1914-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. இடம், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள லாரேடோ என்ற ஊர். 'எல் புரோகிரேசோ' என்ற ஸ்பானிய மொழிப் பத்திரிகையின் அச்சுக்கூடம். அந்தப் பெயருக்கு 'முன்னேற்றம்' என்று பொருள். வலது பக்கத்திலிருந்து இரண்டாவதாக நிற்கும் பெண்மணியின் பெயர் ஹோவிதா இடார். அப்போது அவருக்கு 28 அல்லது 29 வயது. அந்தப் பத்திரிகை அவருடைய தகப்பனாருடையது அல்ல. அவர் அங்கே எழுதும் வேலைக்குப் போனவர்.

பெரிய மனிதர்களின் படங்களை நாம் பார்த்திருக்கிறோம். நாற்காலி, மேஜை, கையில் ஒரு புத்தகம். இந்தப் பெண்மணியோ அச்சு மைக்கும் ஈய எழுத்துக்கும் நடுவில், கூட வேலை செய்தவர்களோடு நிற்கிறார். பழைய அச்சகங்களைப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கேஸில் இருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி, வரி கோத்து, பாரம் கட்டி, புரூப் எடுத்துத் திருத்தி, பிறகு மெஷினில் ஏற்ற வேண்டும். கம்பாசிட்டர் இல்லாவிட்டால் ஆசிரியரின் எழுத்து மேஜையிலேயே கிடக்கும். பத்திரிகை என்பது ஓர் ஆள் அல்ல, பல கைகள் சேர்ந்து செய்கிற வேலை. இந்தப் படம் முதலில் நமக்குச் சொல்வது இதைத்தான்.

ஆற்றின் இரு கரைகள்

படம் எடுத்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லாரேடோ 1755-இல் ஏற்பட்ட ஊர். அன்று அமெரிக்க ஐக்கிய நாடு என்று ஒன்று உலகத்தில் இல்லை. பிற்பாடு அது மெக்சிகோவைச் சேர்ந்த பூமியாயிற்று. 1846-இல் அமெரிக்கா மெக்சிகோ மீது யுத்தம் தொடுத்தது. 1848-இல் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கி, ரியோ கிராண்டே ஆற்றை எல்லை என்று அறிவித்தது. ஊரில் இருந்த ஜனங்கள் இடம் பெயரவில்லை; எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று. சிலர் ஆற்றைக் கடந்து தென்கரையில் 'நுவோ லாரேடோ', அதாவது புதிய லாரேடோ என்று ஓர் ஊரைக் கட்டினார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே அந்நியர் ஆனார்கள்.

நிலம் கை மாறியது. பேசிய மொழி பள்ளிக்கூடத்தில் மட்டமாயிற்று. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, மெக்சிகப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி அல்லது ஒன்றுமே இல்லை. பருத்திக் காட்டிலும் ரயில் பாதையிலும் உழைக்க மட்டும் அவர்கள் வேண்டியிருந்தது. ஒரு தேசத்தின் உழைப்பு வேண்டும், அந்த மனிதன் வேண்டாம்! ஏகாதிபத்தியம் எங்கே போனாலும் இந்த ஒரே கணக்கைத்தான் போடும்.

இந்த ஊரில் 1885-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி ஹோவிதா பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் ஒருவர். தகப்பனார் நிக்காசியோ இடார் 'லா குரோனிக்கா' என்ற வாரப் பத்திரிகையை நடத்தினார். மகள் 1903-இல் ஆசிரியைப் படிப்பு முடித்து, லோஸ் ஒஹுவேலோஸ் என்ற சிற்றூரில் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனார். அங்கே போதிய புத்தகம் இல்லை. பிள்ளைகள் உட்கார நாற்காலி இல்லை. குளிர்காலத்தில் வகுப்பைச் சூடாக்க வழி இல்லை. ஒரு ஆசிரியை எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இல்லாத புத்தகத்தை எப்படிப் படிக்க வைப்பார்? அவர் வேலையை விட்டுவிட்டு, அண்ணன் தம்பிகளோடு பத்திரிகைக்கு எழுத வந்தார். வகுப்பறைக்குள் தீர்க்க முடியாததை ஊர் அறியச் சொல்லலாம் என்று வந்தார்.

எரித்தார்கள், எழுதினார்

1910-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி ராக்ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் அந்தோனியோ ரொத்ரிகெஸ் என்ற 20 வயது மெக்சிகத் தொழிலாளியின் மேல் ஒரு கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. விசாரணை நடக்கவில்லை. ஒரு கும்பல் அவனைச் சிறையிலிருந்து இழுத்துக்கொண்டு போய், மரத்தில் கட்டி உயிரோடு எரித்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் தார்ன்டேல் என்ற ஊரில் அந்தோனியோ கோமெஸ் என்ற 14 வயதுச் சிறுவனை இன்னொரு கும்பல் கொன்றது. பதினான்கு வயது, தோழர்களே! நம் வீட்டில் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையின் வயது.

'லா குரோனிக்கா' இந்தக் கொலைகளைக் கண்டித்து எழுதியது. பள்ளிக்கூடங்களில் மெக்சிகப் பிள்ளைகளை ஒதுக்குவதை அம்பலப்படுத்தியது. ஹோவிதா சில சமயம் புனைபெயரில் எழுதினார். 'ஆவே நெக்ரா' என்று ஒரு பெயர். 'கரும்பறவை' என்று அர்த்தம்.

எழுதியதோடு அந்தக் குடும்பம் நின்றுவிடவில்லை. 1911 செப்டம்பர் 14 முதல் 22 வரை லாரேடோவில் மெக்சிக மக்களின் முதல் மாநாட்டைக் கூட்டினார்கள். கும்பல் கொலை, பள்ளியில் பாகுபாடு, தாய்மொழி, தொழிலாளர் சங்கம், பெண்கள் கல்வி எல்லாம் அங்கே பேசப்பட்டன. அடுத்த மாதமே பெண்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் முதல் தலைவி ஹோவிதா இடார். அங்கத்தினர்களில் பலர் பள்ளி ஆசிரியைகள். அவர்கள் தொடங்கிய முதல் வேலைகளில் ஒன்று, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுத்தது. பெண்கள் ஓட்டுப் போட வேண்டும் என்றும் அந்த நாளிலேயே ஹோவிதா எழுதினார். அமெரிக்காவில் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை வந்தது 1920-இல்தான்.

1913-இல் மெக்சிகப் புரட்சியின் சண்டை நுவோ லாரேடோவுக்கு வந்தது. தன் ஊரைச் சேர்ந்த லெயோனோர் வியேகாஸ் தெ மக்னோன் என்ற பெண்மணியோடு ஹோவிதா ஆற்றைக் கடந்து போய், குண்டடி பட்டவர்களுக்குக் கட்டுப் போட்டார். பேனா பிடித்த கை பஞ்சும் துணியும் பிடித்தது. பிறகு ஊர் திரும்பி, 'எல் புரோகிரேசோ'வில் சேர்ந்தார். அந்த அச்சுக்கூடத்தில் எடுத்ததுதான் உங்கள் கையில் இருக்கும் படம்.

வாசலில் நின்ற நாள்

1914-இல் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் மெக்சிக எல்லைக்குப் பட்டாளத்தை அனுப்பினார். 'எல் புரோகிரேசோ' அதைக் கண்டித்துத் தலையங்கம் வெளியிட்டது. யுத்தம் தேவையில்லை என்று சொன்னால் சர்க்காருக்குக் கோபம் வரும். டெக்சாஸ் ரேஞ்சர்கள் என்னும் ஆயுதப் போலீசார் பத்திரிகையை மூட வந்தார்கள்.

இந்த ரேஞ்சர்கள் யார் என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்ததன் கனம் புரியும். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1918 ஜனவரி 28-ஆம் தேதி, போர்வெனீர் என்ற எல்லைக் கிராமத்தில் 15 மெக்சிக ஆண்களையும் சிறுவர்களையும் தூக்கத்திலிருந்து எழுப்பி, வெளியே கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றவர்கள் இவர்கள்தான். 1919-இல் ஹோசே கனாலெஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் இவர்கள் மேல் குற்றச்சாட்டுகளைக் கொண்டு வந்த பிறகு சட்டமன்ற விசாரணை நடந்தது.

அப்படிப்பட்டவர்கள் குதிரையும் துப்பாக்கியுமாக வந்தபோது, ஹோவிதா இடார் அச்சுக்கூடத்தின் வாசலில் போய் நின்றார். உள்ளே விட மறுத்தார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

இந்த நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் சொல்லிவைத்தவர் அவருடைய தம்பி அகிலினோ இடார். வாசலில் அவர் நின்றதைப் படம் எடுக்க அங்கே காமிரா இல்லை. ஆனால் அந்த வாசலுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதற்கு அதே ஆண்டில் எடுத்த இந்தப் படம் சாட்சி. அவர் காத்தது ஒரு மரக்கதவை அல்ல. இதோ இந்த மெஷினை, இந்த எழுத்துப் பெட்டிகளை, பக்கத்தில் நிற்கும் இந்த மனிதர்களின் பிழைப்பை, ஓர் ஊர் ஜனங்களின் வாயை.

கதையைச் சொல்கிறவர்களில் பலர் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு முடித்துவிடுவார்கள். நாம் முடிக்கக்கூடாது. அடுத்து என்ன நடந்தது?

அவர் இல்லாத வேளையில் ரேஞ்சர்கள் திரும்பி வந்தார்கள். வாசலில் யாரும் இல்லை. உள்ளே புகுந்து அச்சு இயந்திரங்களை நொறுக்கினார்கள். 'எல் புரோகிரேசோ' மூடப்பட்டது.

ஒரு வீராங்கனை ஒரு நாள் வாசலைக் காத்தார். மறுபடி வந்தபோது காக்க ஆள் இல்லை. அவருடைய தைரியத்தில் குறை இல்லை. ஆனால் ஒருவரின் தைரியத்தை மட்டும் நம்பி ஒரு பத்திரிகை பிழைக்க முடியாது. எதிரிக்கு இது தெரியும். அவன் நம்மில் ஒருவர் தனியாக இருக்கும் நேரத்துக்காகவும், அந்த ஒருவரும் இல்லாத நேரத்துக்காகவும் காத்திருக்கிறான்.

நாணயத்தில் ஒரு படம்

ஹோவிதா சோர்ந்து போகவில்லை. அந்த ஆண்டே தகப்பனார் காலமானார். 'லா குரோனிக்கா'வை அவர் ஏற்று நடத்தினார். 1916-இல் தம்பி எதுவார்தோவோடு சேர்ந்து 'எவொலூசியோன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். சகோதரர் கிளெமென்தே 1918 முதல் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் அமைப்பாளராக, மெக்சிகத் தொழிலாளரைச் சங்கத்தில் சேர்க்கும் வேலை செய்தார். ஹோவிதா திருமணத்துக்குப் பிறகு சான் அண்டோனியோ நகரில் குடியேறினார். குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி நடத்தினார். ஆஸ்பத்திரியில் ஆங்கிலம் தெரியாத ஏழை நோயாளிகளுக்காக டாக்டரிடம் மொழிபெயர்த்துச் சொன்னார். 1946-இல் காலமானார்.

அவர் கம்யூனிஸ்ட் அல்ல. இதை ஒளிக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் ஜனநாயகக் கட்சியில் வேலை செய்தார். ஒரு கிறிஸ்தவ சபைப் பத்திரிகையில் ஆசிரியராக இருந்தார். அவருடைய பாதை முழுவதும் நமது பாதை அல்ல. ஆனால் ஒடுக்கப்பட்டவர் பக்கத்தில் நின்று, யுத்தத்தை எதிர்த்து, ஆயுதத்துக்கு முன்னால் அச்சகத்தைக் காத்தவரை நம்மவர் என்று கொண்டாட நமக்கு உரிமை உண்டு.

இப்போது இன்னொரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2023-ஆம் ஆண்டில் அமெரிக்க சர்க்கார் ஹோவிதா இடாரின் உருவத்தைப் பொறித்து 25 சென்ட் நாணயம் வெளியிட்டது. ஒரு பக்கம் வாஷிங்டன், மறுபக்கம் இவர். கைகளைக் கோத்துக்கொண்டு நிற்கிறார். உடல் முழுவதும் அவர் எழுதிய பத்திரிகைகளின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. 'எல் புரோகிரேசோ'வின் பெயரும் இருக்கிறது!

எந்தப் பத்திரிகையை மூட ஆயுதத்தோடு ஆள் வந்தார்களோ, அதன் பெயர் இன்று சர்க்கார் நாணயத்தில்! மகிழ்ச்சிதான். மக்கள் மறக்காமல் இருந்ததால்தான் அந்தக் கௌரவம் வந்தது. ஆனால் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாணயத்தில் அவர் தனியாக நிற்கிறார். மெஷின் இல்லை. எழுத்துப் பெட்டி இல்லை. கூட வேலை செய்தவர்கள் இல்லை. ஆளும் வர்க்கம் போராளிகளுக்கு மரியாதை செய்யும்போது, முதலில் அவர்களைத் தோழர்களிடமிருந்து பிரித்துவிடும். பிறகு மாலை போடும்.

அந்த 25 சென்ட்டுக்கு இன்னொரு கதையும் உண்டு. ஹோவிதா குடியேறிய அதே சான் அண்டோனியோவில் பீகான் என்ற கொட்டையை உடைத்துப் பருப்பு எடுக்கும் தொழிலாளர் இருந்தார்கள். பெரும்பாலும் மெக்சிகப் பெண்கள். 1938 ஜனவரி மாத முடிவில் ராத்தலுக்கு 6, 7 சென்ட் இருந்த கூலியை 5, 6 சென்ட்டாக முதலாளிகள் வெட்டினார்கள். 5 ராத்தல் பருப்பு எடுத்தால்தான் இந்த ஒரு நாணயம் கிடைக்கும் என்ற நிலை. வாரம் முழுதும் விரல் தேய உழைத்தாலும் 2, 3 டாலர். சுமார் 12,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னணியில் நின்றவர் எம்மா தெனயூக்கா, 21 வயதுக் கம்யூனிஸ்ட் பெண். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்து அடைத்தது. சில வாரங்களுக்குப் பிறகு மத்தியஸ்தம் நடந்து, கூலி 7, 8 சென்ட் ஆயிற்று. அந்த ஆண்டே வந்த புதிய சட்டம் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி என்றது. உடனே முதலாளிகள் இயந்திரத்தைக் கொண்டு வந்து ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். போராடிப் பெற்றதைக் காக்கவும் போராட வேண்டியிருக்கிறது.

நம் வாசல்

இதையெல்லாம் ஏன் இன்று சொல்கிறேன்? காரணம் இந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

நமது வட்டாரத்தில் ஒரு பஞ்சாலையின் வாசலில், ஷிப்டு விடும் நேரத்தில், ஒரு பெண் தோழர் வாரந்தோறும் நமது பத்திரிகையை விற்றார். அந்த மில்லிலேயே ஸ்பின்னிங்கில் வேலை செய்பவர். நாற்பது பிரதி வாங்கினால் நாற்பதையும் விற்றுவிட்டு, அன்றே காசைக் கட்டுவார். அவரைத் திடீரென்று தொடர்ந்து இரவு ஷிப்டுக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. வீட்டில் சின்னக் குழந்தை. இரண்டு மாதமாக அவரால் விற்க முடியவில்லை.

நாம் என்ன செய்தோம்? கூட்டத்தில் அவருடைய தைரியத்தைப் பாராட்டிப் பேசினோம். நானும் பேசினேன். ஆனால் அந்த வாசலில் அவருடைய இடத்தில் ஒரு வாரமாவது போய் நின்றவர் யார்? ஒருவரும் இல்லை. அவர் என்னிடம் வந்து கேட்டார்: "அண்ணே, நான் மறுபடி விக்கணுமா? இல்ல, எம் பொழப்பப் பாக்கணுமா?" அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

அவர் இங்கே வந்திருக்கிறார். அவருக்கு இன்று பதில் சொல்கிறேன். அம்மா, நீங்கள் தனியாக விற்க வேண்டாம். உங்களைத் தனியாக நிற்க வைத்தது எங்கள் தவறு. ஹோவிதா இடாரைப் போல நில்லுங்கள் என்று உங்களிடம் சொல்லிவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டால், அது நாணயம் அடித்தவர்கள் செய்த வேலை. நாங்கள் இந்தப் புகைப்படத்தில் இருப்பதுபோல உங்கள் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்.

ஆகவே மூன்று காரியங்களை இன்றே முடிவு செய்வோம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, அந்த மில் வாசலில் வாரந்தோறும் மூன்று பேர் சேர்ந்து பத்திரிகை விற்க வேண்டும். முறை போட்டுக்கொள்வோம். முதல் வாரம் நான் வருகிறேன். விவசாயத் தொழிலாளர் சங்கத்திலிருந்து ஒருவர் வரட்டும். ஆலைத் தொழிலாளி தனியாள் அல்ல என்று நிர்வாகத்துக்குத் தெரியட்டும்.

இரண்டு, ஷிப்டு மாற்றத்தைப் பற்றிச் சங்கம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் அதையும் நமது பத்திரிகையில் போட வேண்டும்.

மூன்று, ஒவ்வொரு முகவரும் மாதம் ஒரு பெண் தொழிலாளியிடமிருந்து ஒரு கடிதமாவது வாங்கி அனுப்ப வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், தெரிந்தவர் எழுதிக் கொள்ளட்டும். கூலி எவ்வளவு, கழிப்பறை உண்டா, மேஸ்திரி எப்படிப் பேசுகிறான் என்பதைப் பெரிய பத்திரிகைகள் போடமாட்டா. நாம் போடுவோம்.

தோழர்களே, அந்தப் படம் இப்போது கடைசி வரிசைக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அது சான் அண்டோனியோவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்பட்டதால்தான் நூறாண்டுக்கு மேல் கடந்து நம் கைக்கு வந்தது. அதைத் திருப்பித் தரும் முன் இன்னொரு தடவை பாருங்கள். ஹோவிதாவைப் பார்த்துவிட்டீர்கள். இந்தத் தடவை அவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களைப் பாருங்கள். அந்த இடம் நம்முடையது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, ஷிப்டு விடும் நேரம், மில் வாசல். யார் யார் வருகிறீர்கள் என்று இப்போதே பெயர் கொடுங்கள்.